பார்க்காத ரீடிங்குக்குக் கையெழுத்து: நீங்கள் எப்போது இன்ஜினியர் ஆனீர்கள்?

#1 · மூலைமட்டம்

வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சிவில் துறையில் 14 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இரண்டு வாரமாக மனசில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்கலாமென்று வந்தேன்.

போன மாதம் நாலாவது வருடப் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் வைவா. வழக்கமான கேள்விகள் தீர்ந்த பிறகு ஒரு பையனிடம் சும்மா கேட்டேன். "வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க 'தம்பி என்ன பண்றே'ன்னு கேட்டா என்னப்பா சொல்லுவே?" "பி.இ. முடிக்கப் போறேன்னு சொல்லுவேன் சார்." "இன்ஜினியர்னு சொல்ல மாட்டியா?" சிரித்துவிட்டான். "அது எப்படி சார், நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே." வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடம் எங்கள் கையில் இருந்த பையன்.

அன்று ராத்திரி மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சர்வே லேப் ஞாபகம் வந்தது. வளாகத்தைச் சுற்றி 600 மீட்டர் லெவலிங், அதாவது இடத்துக்கு இடம் உயரம் அளப்பது. கேட் பக்கத்து பெஞ்ச்மார்க்கில் (உயரம் தெரிந்த குறியில்) ஆரம்பித்து, கேன்டீன், ஹாஸ்டல், மைதானம் என்று சுற்றி, அதே பெஞ்ச்மார்க்கில் வந்து முடிக்க வேண்டும். ஆரம்பித்த உயரமே கடைசியிலும் வர வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதுதான் குளோசிங் எரர். கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 24ஆல் பெருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் வருகிறதோ, சாதாரண வேலைக்கு அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது பாடம். 600 மீட்டருக்கு ஏறக்குறைய 19 மி.மீ.

பத்து பேட்சில் ஒன்பது பேட்ச் பூஜ்யம், இல்லாவிட்டால் 2, 3 மி.மீ. என்று எழுதி வந்தார்கள். ஒரே ஒரு பேட்ச் 35 என்று எழுதியிருந்தது. அந்த பேட்சின் லீடர் ஒரு பெண். "ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டேன் சார், கணக்குல தப்பில்ல. ஃபீல்டுலதான் எங்கியோ போயிருக்கு. திரும்ப எடுக்கட்டுமா?" மணி நாலே கால். நாலரைக்கு காலேஜ் பஸ். "அட்ஜஸ்ட் பண்ணி எழுதிட்டு வாம்மா" என்றேன். மறுநாள் 4 மி.மீ. என்று எழுதிக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பத்து பேட்சில் இன்ஜினியர் மாதிரி நடந்துகொண்டது அவள் ஒருத்திதான். நான்தான் அவள் காலைத் தட்டிவிட்டேன்.

வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். நீங்கள் இன்ஜினியர் என்று உங்களுக்கே எப்போது தோன்றியது? கல்லூரியிலா, வெளியே வந்த பிறகா? கல்லூரியில் என்றால் எந்த இடத்தில்?

#2 · ஆன்சைட்

சார், கேள்வியே தப்பு. நம்ம ஊரில் இன்ஜினியர் என்பது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே போடுவது.

நான் 2009இல் முடித்த மெக்கானிக்கல். கவுன்சிலிங்கில் நல்ல கட் ஆஃப். அப்பா என்னிடம் கேட்டது "கேம்பஸ் வருமா" என்ற ஒரே கேள்விதான். வந்தது. ஒரு பெரிய ஐ.டி. கம்பெனி எங்கள் வகுப்பில் 31 பேரை அள்ளிக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஹீட் டிரான்ஸ்ஃபர், மெஷின் டிசைன் எல்லாம் பாஸ் மார்க் சமாச்சாரம். லேத்தில் ஒரு டேப்பர் டர்னிங் செய்தேன். அதையும் லேப் அண்ணன்தான் முடித்துக் கொடுத்தார்.

அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது. ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். யார் கேட்டாலும் நான் "இன்ஜினியர்" என்று சொன்னது அந்த ஒரு வருடம்தான். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

#3 · கம்பிக்கணக்கு

எனக்கு நாளே ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சென்னைப் புறநகரில் ஒரு அபார்ட்மென்ட், இரண்டாம் மாடி ஸ்லாப். ரெடிமிக்ஸ் வண்டி ஒன்று டிராஃபிக்கில் மாட்டி இரண்டரை மணி நேரம் கழித்து வந்தது. பம்ப்காரர் கலவையைப் பார்த்த உடனே ஹோஸை எடுத்துவிட்டார். "ரெண்டு நிமிஷம் தண்ணி விட்டா ஓடிடும் சார்."

ஸ்லம்ப் எடுக்கச் சொன்னேன், கலவை எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. கூம்பைத் தூக்கினால் கலவை கோயில் பிரசாத உருண்டை மாதிரி அப்படியே நிற்கிறது. 40 மி.மீ.தான் இறங்கியது. கேட்டிருந்தது 120. மேலே கம்பிக்கு நடுவே ஆட்கள் கும்பலாக நிற்கிறார்கள், வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. போனில் காண்ட்ராக்டர், "நீ புதுசு தம்பி, பம்ப்காரன் இருவது வருஷமா பண்றான், அவன் சொல்றதக் கேளு." போர் கார்டில் (கான்கிரீட் ஊற்றுவதற்கான அனுமதித் தாளில்) கான்கிரீட் என்ற கட்டத்துக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டியவன் நான். தண்ணீர் சேர்த்தால் ஓடும், சரி. பலம் எவ்வளவு இறங்கும் என்று அந்த இடத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

"வண்டிய திருப்பி அனுப்புங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

வீரக் கதை இத்தோடு சரி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியாது, ஸ்லாப் பாதியில் நிற்கிறது. ஜாயிண்டை எங்கே நிறுத்துவது? மூளை காலி. சீனியருக்குப் போன் போட்டேன். "ஷியர் கம்மியா இருக்கிற இடத்துல, ஸ்பேனுக்கு நடுவுல பலகை வச்சு நிறுத்துடா" என்றார். இது பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் நான் இன்ஜினியர் ஆனேன் என்று நினைக்கிறேன். மூன்று மாதத்தில் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அது தனிக் கதை.

மூலைமட்டம் சார், உங்கள் 4 மி.மீ. சுருக்கென்று தைத்தது. இதே வேலை சைட்டிலும் நடக்கிறது. 28 நாள் ஆகாத கான்கிரீட் கியூபுக்கு (சோதனைக் கட்டிக்கு) 28 நாள் பலம் எழுதி ஃபைலில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நல்ல பிள்ளைகள்தான். ரெக்கார்டு நோட்டில் நாலு வருடம் பழகியதைத்தான் செய்கிறார்கள்.

#4 · எட்டாவது_செம்

சார், மரியாதையோடு கேட்கிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

எங்கள் டென்ஷன் டெஸ்ட்டில், கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனையில், அறுபது பேருக்கு ஒரே கம்பி. அது "டப்"பென்று அறுந்ததும் எல்லோரும் கை தட்டினோம். பின்வரிசையில் நின்ற எனக்கு ஊசியே தெரியவில்லை. ரீடிங் சீனியர் ரெக்கார்டில் இருந்தது. யங்ஸ் மாடுலஸ் (கம்பியின் விறைப்பைச் சொல்லும் எண்) 2 லட்சத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்பதால் விடையிலிருந்து பின்னால் போய் நீட்சியைக் கண்டுபிடித்து எழுதினேன். ஒருத்தன் மட்டும் முன்னால் நின்று உண்மையாகக் குறித்து வைத்தான். அவனுக்கு 1.4 லட்சம் வந்தது. கம்பி பிடியில் வழுக்கியிருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. "ராங், ரீரைட்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கிறது. நேர்மை மட்டும் எங்கள் கையில் இருக்க வேண்டுமா?

#5 · ஆன்சைட்

#4க்கு ஒரு சல்யூட்.

#6 · மூலைமட்டம்

தம்பி, உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்னொரு ஒப்புதல் வாக்குமூலம்தான் இருக்கிறது.

2014இல் இந்தியா வாஷிங்டன் அக்கார்டில் முழு உறுப்பினரானது. நம் பி.இ.யை மற்ற உறுப்பு நாடுகளின் பட்டத்துக்குச் சமமாக ஏற்பார்கள் என்பது ஏற்பாடு. அதற்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரத்துக்கு ஒவ்வொரு பாடமும் மாணவனுக்கு என்ன கொடுக்கிறது என்று அப்போது பன்னிரண்டு கட்டத்தில் 1, 2, 3 என்று போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதில் எட்டாவது கட்டம் தொழில் நெறி. யோசனை நல்ல யோசனை, நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் தெரிந்தவன் இன்ஜினியர் இல்லை என்பதை ஒரு தாளிலாவது எழுதி வைத்தார்களே.

ஆனால் கமிட்டி வருவதற்கு நாலு நாள் முன்பு ராத்திரி பதினொரு மணிக்கு எக்செல் ஷீட்டைத் திறந்து, சர்வே லேபுக்கு நேரே எட்டாவது கட்டத்தில் நான் 2 போட்டேன். 3 போட்டால் ஆதாரம் கேட்பார்கள். 1 போட்டால் ஏன் குறைவு என்பார்கள். 2 தொந்தரவில்லாத எண். "அட்ஜஸ்ட் பண்ணி எழுதும்மா" என்று சொன்ன அதே லேபுக்குத்தான் அந்த 2.

அதுவும் பார்க்காத ரீடிங்தான்.

#7 · டிப்ளமோக்காரன்

சார் வைத்திருக்கும் பெயரைப் பார்த்து ஒன்று எழுதத் தோன்றியது.

பாலிடெக்னிக் முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் தேய்த்துச் சதுரமாக்க வேண்டும். முடித்துக் கொண்டுபோனால் வாத்தியார் ஒன்றும் பேச மாட்டார். மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் துண்டைத் திருப்பிக் கையில் கொடுப்பார். நான் ஆறு தடவை போனேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ஏழாவது தடவை கீற்று தெரியவில்லை. அவர் சிரிக்கக்கூட இல்லை, அடுத்த ஆளைப் பார்த்தார்.

அந்தத் துண்டில் அட்ஜஸ்ட் பண்ணி எழுத இடமே இல்லை. வெளிச்சம் ஒன்று வரும், இல்லாவிட்டால் வராது.

பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து வந்தவர்கள் கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டார்கள், மறுக்க மாட்டேன். கணக்கு மூன்றில் அரியர் வைத்தவன் நான். ஆனால் ரெக்கார்டில் பார்க்காமல் எழுத அவர்களுக்குக் கை கூசவில்லை, எனக்குக் கூசியது. ஒரு செமஸ்டர்தான். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது.

#8 · ரசமட்டம்

எல்லோரும் கையெழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதில் ஒரு சின்ன வழக்கு இருக்கிறது.

நானும் சைட் இன்ஜினியர்தான், பெண். முதல் இரண்டு வருடம் என்னைக் கையெழுத்துப் போட விடவில்லை. காலையில் சென்ட்ரிங்குக்கு அடியில் குனிந்து போய் முட்டு எண்ணுவது நான். தூண் கம்பியில் ரிங் இடைவெளியை டேப் வைத்துப் பார்ப்பது நான். ஒருநாள் கவர் பிளாக், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கிற கட்டை, 40 மி.மீ.க்குப் பதிலாக 25 வைத்திருந்தார்கள். பலகை அடைப்பதற்கு முன் பிடித்தேன். பிரிக்கச் சொன்னால் மேஸ்திரி, "பதினஞ்சு மில்லில என்னம்மா ஆயிடப் போவுது" என்றார். கம்பியில் ஈரம் ஏறித் துருப்பிடித்து, அது உப்பிக் கான்கிரீட்டை வெடிக்க வைப்பதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பதை அந்தப் பதினைந்து மில்லிதான் முடிவு செய்யும் என்று சொன்னேன். எனக்கு "வாத்தியாரம்மா" என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவும் பார்த்துக் குறித்துக் கொடுப்பேன். செக் லிஸ்ட்டில் கையெழுத்து என்னோடு சேர்ந்த பையனுடையது. "நீங்க ஆபீஸ்ல இருங்க மேடம், வெயில்ல எதுக்கு" என்பார்கள். அவன் நல்ல பையன்தான். ஆனால் அவன் போட்ட கையெழுத்தில் பாதி, அவன் பார்க்காத ரீடிங்குக்குப் போட்டது. பார்த்தவள் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு எப்போது தோன்றியது என்று கேட்டீர்களே? அதே மேஸ்திரி ஒருநாள் கான்கிரீட் போடுவதற்கு முன், கையெழுத்துப் போட்டிருந்த பையனைத் தாண்டி என்னிடம் வந்து, "அம்மா நீங்க பாத்துட்டீங்களா? அப்பப் போடலாம்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

#9 · கம்பிக்கணக்கு

#8, தலை வணங்குகிறேன். நான் கையெழுத்துப் போட்டவற்றில் வேறு யாராவது அளந்து கொடுத்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#10 · இரும்புவளையம்

நான் ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தவள், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் படித்தேன், இப்போது பாலங்களைச் சோதிக்கிற வேலை.

இங்கே பட்டம் பெறுகிற காலத்தில் ஒரு சடங்கு உண்டு. இரும்பு வளையம் ஒன்றை, எழுதுகிற கையின் சுண்டு விரலில் போடுவார்கள். தாளில் எழுதும்போது அது உரசும், உரச வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விரல். டொரொண்டோப் பேராசிரியர் ஹால்டெய்ன் 1922இல் தொடங்கிய யோசனை, முதல் சடங்கு 1925இல் மொன்றியலில் நடந்தது. விழுந்த கியூபெக் பாலத்து இரும்பில் செய்த வளையம் என்று சொல்லுவார்கள். அது கட்டுக்கதை. பாலம் விழுந்தது கதையில்லை.

அந்தப் பாலத்தை இந்த இழைக்காகவே சொல்லுகிறேன். செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு மேலே நடு இடைவெளி 1,600 அடி என்று முதலில் வரைந்தார்கள், பிறகு 1,800 ஆக்கினார்கள். நீட்டிய பிறகு பாலத்தின் சொந்த எடையை ஒழுங்காகத் திரும்பக் கணக்கிடவில்லை. பழைய எண்ணை வைத்தே வேலை நடந்தது. 1907 ஆகஸ்டில் கீழ்ப்பக்கத்து உறுப்பு ஒன்று வளையத் தொடங்கியது. மெக்லூர் என்ற இளம் இன்ஜினியர் அளந்தார். முக்கால் அங்குலமாக இருந்தது ஒரு வாரத்தில் இரண்டு அங்குலமாகிவிட்டது. அது பட்டறையிலிருந்தே வளைந்து வந்த துண்டு என்று சிலர் வாதிட்டார்கள். மெக்லூர் ரயிலேறி நியூயோர்க்குக்குப் போய் ஆலோசகர் கூப்பரை நேரில் கண்டார். இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனிக்கு, பாலத்தடிக்கு இல்லை. அன்று, ஆகஸ்ட் 29, வேலை முடிகிற நேரத்தில் பாலம் விழுந்தது. 75 பேர் செத்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே மோஹாக் ஊர்க்காரர்.

எங்களுக்கு வகுப்பில் ஒருவரும் நெறியாக இரு என்று உபதேசம் செய்யவில்லை. அந்த முக்கால் அங்குலத்தைச் சொன்னார்கள். எண் வளர்ந்துகொண்டு போகிறது, அளந்தவன் சொல்கிறான், பெரியவர்கள் அது முதலே அப்படித்தான் என்கிறார்கள். #4 தம்பியின் 1.4 லட்சம் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது.

அதற்காக இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வளையம் போட்டவுடன் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள முடியாது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் அந்தச் சொல்லைப் பாவிக்கச் சட்டம் விடாது. அதற்கு நான்கு வருட வேலை அனுபவம், சட்டமும் நெறியும் பற்றிய பரீட்சை எல்லாம் வேண்டும். என் சித்தப்பா இலங்கையில் இருபது வருடம் நீர்ப்பாசனப் பொறியியலாளர். இங்கே வந்தபோது கனேடிய அனுபவம் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அனுபவம் இல்லாமல் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாமல் அந்த வேலை இல்லை. பேக்கரி ஒன்றில் இரவு வேலை செய்தார். ஒன்ராறியோ அந்த விதியை 2023இல் எடுத்தது. அப்போது அவருக்கு 71 வயது.

குளத்துக் கலிங்கைக் கண்டால் இப்பவும் நின்று பார்ப்பார். இங்கே குளம் இல்லை, மழைநீர்த் தேக்கம்தான். அதையும் பார்ப்பார்.

#11 · அறிவியல்நகர்

இலங்கையில் இருந்து. சித்தப்பாவை வாசித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை.

எங்களுக்கு இப்போது சட்டம் இருக்கிறது. 2017இல் பொறியியல் பேரவைச் சட்டம் வந்தது, பதிவு செய்ய வேண்டும். ஆனால் எனக்குள் ஏதோ மாறியது சட்டத்தால் இல்லை. மண் பொறியியல் விரிவுரை ஒன்றில் 1963ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைப் பலகையில் எழுதினார்கள். களிமண் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பது பற்றி ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா. உலகம் முழுக்க மண் படிக்கிறவர்கள் கேம்பிரிட்ஜின் கேம் கிளே என்று சொல்லுகிற அந்தக் கணித மாதிரியின் தொடக்கத்தில் எங்கட ஒரு பெயர். அவர்தான் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அன்று பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் நமக்கும் ஒரு கதிரை இருக்கிறது என்று தோன்றியது.

மற்றபடி பார்க்காத ரீடிங் இங்கேயும் உண்டு. தொழிற்பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு நாளும் குறிப்பேடு எழுத வேண்டும். எல்லோரும் கடைசி வாரம் ஒரே பேனையால் எழுதுவார்கள். நான் மூன்று பேனை பாவித்தேன்.

#12 · ஆன்சைட்

மூன்று பேனை! ஐயா, நீங்கள் ஐ.டி.க்கு வந்திருக்க வேண்டும்.

#13 · கம்பிக்கணக்கு

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் வக்கீலுக்கு 1961இல் தனிச் சட்டம் வந்தது, ஆர்க்கிடெக்டுக்கு 1972இல். இன்ஜினியருக்கு நாடு முழுவதற்கும் பொதுவாக அப்படி ஒன்று கிடையாது. மாநகராட்சி, நகராட்சிகளில் பதிவு உண்டு. சார்ட்டர்ட் இன்ஜினியர் ஆகலாம். ஆனால் பி.இ. முடித்த யாரும் போர்டு மாட்டிக்கொள்வதைத் தடுக்க ஆளில்லை.

2014 ஜூன் 28 சென்னைக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிலபஸில் கன்டினியுவஸ் பீம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மிச்சமிருந்த கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடியோவை மட்டும் எல்லோரும் பார்த்தோம்.

கனடாவில் நூறு வருடத்துக்கு முந்தைய பாலத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருந்தது.

#14 · ஆன்சைட்

சரி, நக்கல் போதும். எனக்கும் ஒன்று இருக்கிறது.

சம்பளக் கணக்குப் போடும் சாஃப்ட்வேர். ரிலீசுக்கு முந்தைய ராத்திரி 140 டெஸ்ட் கேஸ் பாக்கி. அறுபதை ஓட்டினேன். விடிகாலை மூன்று மணி. 140க்கும் "பாஸ்" போட்டுவிட்டுப் படுத்தேன். ஓட்டாத எண்பதில் ஒன்று, நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட்டுக்கு ஓவர்டைம். ஒரு ஆலையில் நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு அந்த மாதம் ஓவர்டைம் வரவில்லை. சப்போர்ட் லைனில் என்னை உட்கார வைத்தார்கள். நான் தமிழன் என்று தெரிந்ததும் ஒருவர் தமிழிலேயே பேசினார். திட்டவில்லை. "ஸ்கூல் ஃபீஸுக்குன்னு அந்தக் காசத்தான் வச்சிருந்தேன் தம்பி, எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இப்போதெல்லாம் ஓட்டாத கேஸுக்கு "ஓட்டவில்லை" என்றே எழுதுகிறேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, டாஷ்போர்டில் மஞ்சளாகத் தெரிகிறதாம். என் டெசிக்னேஷனில் 2010இலிருந்தே இன்ஜினியர் இருக்கிறது. ஆனால் மஞ்சள் வர ஆரம்பித்தது 2016இல்.

#15 · எட்டாவது_செம்

அண்ணா, அந்த ஃபீஸ் விஷயம் என்ன ஆச்சு?

#16 · ஆன்சைட்

அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார்கள். அவருக்கு அது எந்த அளவுக்கு உதவியது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

#17 · மூலைமட்டம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இடையில் ஒன்று செய்து பார்த்தேன்.

இந்த செமஸ்டர் சர்வே லேபில், குளோசிங் எரர் எவ்வளவு வந்தாலும் மார்க் குறையாது, எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மார்க் என்று அறிவித்தேன். முதல் நாள் யாரும் நம்பவில்லை, வழக்கம்போல 2, 3 என்று வந்தார்கள். "எனக்குத் தெரியும்ப்பா, நானே அப்படித்தான் எழுதி பாஸ் ஆனேன்" என்றேன். அதற்கப்புறம் இரண்டாவது வாரம் 22, 41, 28, 30 என்று வர ஆரம்பித்தது. ஒரு பேட்ச் ஸ்டாஃபை (அளவுக் கோலை) தலைகீழாகப் பிடித்திருந்தது. ஒரு பேட்ச் மாறுபுள்ளியை (கருவியை நகர்த்தும்போது ஸ்டாஃப் நிற்கும் இடத்தை) கேன்டீன் வாசல் மணலில் வைத்திருந்தது, ஸ்டாஃப் புதைந்துவிட்டது. அதெல்லாம் சரி. ஆனால் எல்லோருக்கும் பிழை ஒரே பக்கமாகவே விழுந்தது. ஒரு பையன் கேட்டான், "சார், எல்லாருமே ஒரே மாதிரி தப்பு பண்ணுவமா? இன்ஸ்ட்ருமென்ட்ட பாக்கலாமா?"

டூ பெக் டெஸ்ட் வைத்தோம், கருவியின் பார்வைக் கோடு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 60 மீட்டர் தள்ளி இரண்டு முளை. நடுவில் கருவியை வைத்தால் இரண்டுக்கும் உயர வித்தியாசம் 0.385 மீட்டர். ஒரு முளைக்குப் பக்கத்தில் வைத்தால் 0.397. அறுபது மீட்டருக்கு 12 மி.மீ. பார்வைக் கோடு சாய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் சமதூரத்தில் வைத்தால் அது தன்னால் அடிபட்டுப் போகும். சமதூரம் பார்த்து வைக்கிற பழக்கம் எங்கள் கல்லூரியில் யாருக்கு இருந்தது? பெட்டியைத் திறந்து பார்த்தால் சர்வீஸ் ஸ்டிக்கரில் எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. இத்தனை வருடமும் இதே கருவியை வைத்துக்கொண்டு பேட்ச் பேட்சாகப் பூஜ்யம் எழுதி, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பேட்சும் இதே கருவிதான். அவளுடைய 35இல் ஒரு பங்காவது இதனுடையதாக இருக்கும். இப்போது பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நம்பர் வாங்கி வாட்ஸப்பில் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும் சார்" என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "டூ பெக் டெஸ்ட் அப்பவே கேட்கலாம்னு இருந்தேன், பஸ் வந்துடுச்சு."

கோவைப் பக்கம் ஆட்டோ லெவல் சரி பார்த்துக் கொடுக்க நம்பகமான ஆள் யாராவது தெரியுமா?

#18 · கம்பிக்கணக்கு

எங்கள் கோவை சைட்டுக்கு ஒருத்தர் வருவார். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். சரி செய்து வந்த பிறகு அவர் எதிரிலேயே ஒருமுறை டூ பெக் வையுங்கள், சர்டிஃபிகேட்டை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

#19 · டிப்ளமோக்காரன்

முக்காலியின் ஸ்க்ரூக்களையும் பார்க்கச் சொல்லுங்கள் சார். எங்கள் கல்லூரியில் பாதிப் பிழை அங்கேதான் இருந்தது.